துளசிராம் அண்ணனின் பொட்டு வைத்த பெட்டி

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் கத்திரி வெயிலில் சென்னையிலிருந்து ஃபிளைட்டில் மதுரைக்கு வந்து இறங்கி, வாடகைக் காரில் இரண்டு பேர் வந்தார்கள். மகாலுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் நாலைந்து தடவை வழி தவறி, கடைசியில் துளசிராம் அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். அப்போது நானும் அங்கேதான் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் ஒருவர் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருப்பவர். இன்னொருவர் அவரிடம் கீபோர்டு வாசிக்கிற இளைஞர். முடியை நீளமாக வளர்த்து ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

அண்ணன் போர்வையை விலக்கிப் பெட்டியைக் காட்டியதும் அந்த இளைஞர் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாசிக்கவில்லை. ஒவ்வொரு குமிழாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கோயிலில்கூட அந்தப் பையன் அவ்வளவு பக்தியாக உட்கார்ந்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

"சார், இது விண்டேஜ் சிந்தசைசர். இப்போ எங்க தேடினாலும் கிடைக்காது. இதுக்குப் பதிலா ரெண்டு புது கீபோர்டு தர்றோம். ஒரு கம்ப்யூட்டரும் தர்றோம்" என்றார்.

"விண்டேஜுன்னா?" என்று கேட்டார் அண்ணன்.

"பழசு சார். ஆனா மதிப்பான பழசு."

"அப்ப நானும் விண்டேஜ்தான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போர்வையைத் திரும்பப் போர்த்தினார். காபி கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பி வைத்தார். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த இளைஞர் என்னிடம், "ஏன் சார் தரமாட்டேங்கிறார்?" என்று கேட்டார். பெரிய கதை என்றேன். அவர்களுக்கு ஃபிளைட்டுக்கு நேரமாகிவிட்டது. உங்களுக்கு ஃபிளைட் இல்லை என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

என் பெயர் பாண்டிராஜ். ஊர் பேரையூர்ப் பக்கம். டோலக் வாசிப்பேன். தொண்ணூற்றேழு தை மாதம் மதுரைக்கு வந்து விருமாண்டி அண்ணனின் இன்னிசைக் குழுவில் சேர்ந்தேன். துளசிராம் அண்ணன் அங்கே பழைய ஆள். பகலில் சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் போடுவார், சாயங்காலமானால் மேடையில் பெட்டி வாசிப்பார். அவர் விரல் நுனிகள் எந்த வாரத்தில் எந்த நிறத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கச்சேரிக்கு நீல விரல், அடுத்த கச்சேரிக்கு அரக்கு விரல். பெட்டியின் வெள்ளைக் கட்டைகள்கூட லேசாக ரோஸ் கலந்துதான் இருக்கும்.

அந்தப் பெட்டி எண்பத்தைந்தில் மெட்ராஸ் ஸ்டுடியோ ஒன்றில் கழித்துக் கட்டியது. ஞாபகசக்தி உள்ள புது மெஷின் வந்ததும் இதை ஓரத்தில் போட்டு அதன் மேல் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அண்ணனின் சொந்தக்காரர் ஒருவர் அங்கே வேலை பார்த்தார், அவர் மூலமாகக் கிடைத்தது. பதினைந்து கிலோ எடை. ரயிலில் எழும்பூரிலிருந்து மதுரைவரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன் என்று அண்ணன் சொல்வார். அதற்கப்புறம் இரண்டு நாள் கால் மரத்துப்போய் நடக்க முடியவில்லையாம்.

ஞாபகசக்தி என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இப்போது வருகிற கீபோர்டில் பொத்தானை அமுக்கினால் புல்லாங்குழல் வரும், இன்னொரு பொத்தானுக்கு வீணை வரும். அண்ணனின் பெட்டியில் அதெல்லாம் கிடையாது. முன்பக்கம் இருபது குமிழ் இருக்கும். புல்லாங்குழல் வேண்டுமானால் இருபதையும் கையால் திருகித் திருகிப் புல்லாங்குழலைச் செய்ய வேண்டும். அடுத்த பாட்டுக்கு வீணை என்றால் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கலைத்தது போனதுதான், பெட்டிக்கு எதுவும் நினைவிருக்காது. இரண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கினால்கூட ஒன்றுதான் பேசும்.

இதையெல்லாம் அண்ணன் குறையாகவே நினைக்கவில்லை. "சாயமும் இப்படித்தாம்ப்பா. டப்பாவுல வர்ற கலரை அப்படியே போடுறவன் சாயக்காரன் இல்ல. கலந்து கொண்டுவரணும்" என்பார்.

இன்னொரு சங்கடம், பெட்டிக்குக் காற்று ஆகாது. மேடையில் யாராவது ஃபேன் வைத்தால் உள்ளே இருக்கிற சூடு மாறி சுதி மெல்ல இறங்கிவிடும். வாசிக்கிறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே போட்டு வைத்துச் சூடேற்றணும். எங்கள் பாடகி ஸ்வர்ணா பட்டுச்சேலையில் வேர்த்து விறுவிறுத்து நிற்பாள், பக்கத்தில் ஃபேன் இருக்கும், போட முடியாது. "அண்ணே, உங்க பெட்டிக்குச் சளி பிடிச்சா விக்ஸ் தடவுங்கண்ணே, எனக்கு இப்ப காத்து வேணும்" என்று மன்றாடுவாள். அண்ணன் தன் துண்டை எடுத்துக் கொடுத்து விசிறிக்கொள்ளச் சொல்வார்.

இவ்வளவு தொல்லைக்கும் ஈடாக அந்தப் பெட்டியில் ஒரு சத்தம் இருந்தது. கல்யாண நாதஸ்வரம் என்று அதற்கு நாங்கள் பேர் வைத்திருந்தோம். உண்மையைச் சொன்னால் அது நாதஸ்வரம் மாதிரி இருக்காது. நிஜ நாதஸ்வரம் மதுரையில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, அதற்குப் பெட்டி எதற்கு. இது கொஞ்சம் தொண்டை கட்டின மாதிரி ஆரம்பிக்கும், பிறகு வழுக்கிக்கொண்டு மேலே போய் அங்கே நின்று நடுங்கும். அதைக் கேட்டால் எனக்கு வாசிக்கிறதை நிறுத்திவிட்டுக் கேட்கலாம் போலிருக்கும். சில இடங்களில் அந்தச் சத்தத்துக்காகவே எங்களை அழைப்பார்கள்.

ஆனால் விருமாண்டி அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. குழு அவருடையது, பாடுகிறதும் அவர், மைக்கில் பேசுகிறதும் அவர். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் துளசிராம் அண்ணன் குனிந்து, வாயில் பேனா டார்ச்சைக் கவ்விக்கொண்டு, குமிழ் குமிழாகத் திருகுவார். இரண்டு நிமிஷம் ஆகும், சில சமயம் மூன்று. அதுவரை விருமாண்டி அண்ணன் கூட்டத்துக்கு நகைச்சுவை சொல்லிச் சமாளிக்கணும்.

"துளசி, என்கிட்ட இருந்த ஜோக்கெல்லாம் தீந்துபோச்சுப்பா" என்றார் ஒருநாள். "உசிலம்பட்டில சொன்னதையே சோழவந்தான்லயும் சொன்னேன். வெத்தலைக் கொடிக்கால்காரர் ஒருத்தர் முன்னாடி உக்காந்து எனக்கு முந்தி முடிவைச் சொல்லிட்டாரு. எம்புட்டு அவமானம் பாரு."

அந்த ஆவணியில் அவருடைய மச்சினன் சிங்கப்பூரிலிருந்து புது கீபோர்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் எங்கள் குழு அறையில் மூலையில் நின்றது. தெற்கு மாசி வீதியில் ஒரு மாடி அறைதான் எங்கள் ஆபீஸ். விருமாண்டி அண்ணன் எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்:

"விஜயதசமிக்குத் திருப்பரங்குன்றத்துல தவசி அண்ணாச்சி பாத்திரக்கடை திறக்கிறாரு. அவரு நாதஸ்வரச் சத்தம் வேணும்னுதான் நம்மளைக் கூப்பிட்டிருக்காரு. அன்னைக்குச் சுதி விலகாம, இந்த இழுவை இல்லாம நிகழ்ச்சி நடந்துச்சுன்னா உன் பெட்டி இருக்கட்டும் துளசி. இல்லாட்டி மறுநாள்ல இருந்து புதுசு. நீயே வாசி, எனக்கு ஆட்சேபணை இல்ல."

"நான் பெட்டி வாசிக்கிறவன் அண்ணே. பொத்தான் அமுக்குறதுக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க" என்றார் துளசிராம் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது. அந்த மனுஷன் சொன்னால் செய்வார், பன்னிரண்டு வருஷக் குழுவை விட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்.

இந்த இடத்தில்தான் நான் புகுந்து கெடுத்தேன்.

ஆயுத பூஜையன்று எல்லா வாத்தியங்களையும் துடைத்துப் பொட்டு வைத்துப் படைப்போம். துளசிராம் அண்ணன் பெட்டியை முந்தின நாளே அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பூஜைக்கு அவரால் வர முடியவில்லை, சாயப்பட்டறையிலும் அன்றைக்குத்தானே பூஜை. மற்றவர்கள் பொரி கடலையும் வாழைக்கன்றும் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். நான் என் டோலக்கைத் துடைத்து முடித்துவிட்டு, பாவம் அண்ணன் பெட்டிக்கு ஆளில்லையே என்று அதன் பக்கம் போனேன்.

மேடையில் நான் அவருக்கு இடப்பக்கம் பின்னால் உட்காருகிறவன். அவர் முதுகைத்தான் எட்டு மாதமாகப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் பெட்டியின் முகத்தைப் பார்த்தேன். முகமெல்லாம் ஸ்டிக்கர் பொட்டு. ஒவ்வொரு குமிழைச் சுற்றியும் சிவப்பு, பச்சை, கறுப்பு, நீலம், நீளப்பொட்டு என்று நூறு பொட்டாவது இருக்கும். சிலதில் ஓரம் சுருண்டு தூசி ஏறியிருந்தது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷங்களும் பூஜைக்கு வைத்த பொட்டு, எடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பழைய பொட்டைத் துடைக்காமல் புதுப் பொட்டு வைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. சரஸ்வதிக்கு முன்னால் அழுக்கோடு வைக்கலாமா?

துணியில் மண்ணெண்ணெய் தொட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். ஒன்றை விடவில்லை. பசை தெரியாமல் எலுமிச்சம்பழம் போட்டுத் துடைத்தேன். குமிழ்களில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும், அது ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. இருபதையும் நேராக மேலே பார்க்கத் திருப்பி வைத்தேன். பிறகு குமிழுக்கு ஒன்றாக இருபது சந்தனப் பொட்டு, அதன் மேல் இருபது குங்குமம். தள்ளி நின்று பார்த்தேன், அம்புட்டு அழகு. பூஜையில் வைத்த வாத்தியத்தை மறுநாள் மறுபூஜை முடிகிறவரை யாரும் தொடமாட்டோம். அதனால் அன்றைக்கு ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

விஜயதசமி காலையில் எட்டு மணிக்கு சூடம் காட்டி முடித்தோம். துளசிராம் அண்ணன் வந்து பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றார்.

"யாரு இதைத் துடைச்சது?"

நான் முன்னால் வந்து நின்றேன். பாராட்டு வரப்போகிறது என்று அடக்கமாகச் சிரிக்கவும் செய்தேன். "நான்தாண்ணே."

"எல்லாத்தையும் எடுத்துட்டியாப்பா? ஒண்ணுகூட விடலையா?"

"ஒண்ணுகூட விடலண்ணே. மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சேன்."

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற ஸ்வர்ணா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள்தான் எனக்கு விவரத்தைச் சொன்னாள். சிவப்புப் பொட்டெல்லாம் கல்யாண நாதஸ்வரம். சிவப்பு எங்கே இருக்கிறதோ அங்கே குமிழைத் திருப்பி வைத்தால் அந்தச் சத்தம் வரும். பச்சை புல்லாங்குழல், கறுப்பு மகுடி, நீலம் சோக வயலின், நீளப்பொட்டு வீணை. பன்னிரண்டு வருஷமாக அண்ணன் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து ஒட்டி வைத்தது. வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு அவர் குனிந்து தேடுவதெல்லாம் இந்தப் பொட்டுகளைத்தான்.

அழுதுவிடுவேன் போலிருந்தது. அண்ணன் திட்டியிருந்தால் தேவலை. "விடுப்பா, சாமிக்குத்தானே செஞ்ச" என்றார். அதைக் கேட்டு நிஜமாகவே அழுதேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நிகழ்ச்சி. விருமாண்டி அண்ணன் நேரே திருப்பரங்குன்றத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார், அதுவரை தப்பித்தோம். பெட்டியைப் போட்டுச் சூடேற்றி நாதஸ்வரத்தைத் தேட ஆரம்பித்தோம். ஸ்வர்ணா இன்னும் கூர்மையாக இருக்கும் என்றாள். ரிதம் பேடு வாசிக்கிற சுருளி இல்லை, கரகரப்பாக இருக்கும் என்றான். கருத்துச் சொல்கிற யோக்கியதை எனக்கு ஏது. ஸ்வர்ணா சொன்னபடி திருகினால் குக்கர் விசில் வந்தது. சுருளி சொன்னபடி திருகினால் லாரி ரிவர்ஸ் எடுத்தது. ஒரு தடவை அருமையான ஆட்டுச் சத்தம் ஒன்று வந்தது, கீழே டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பதினோரு மணிக்கு அண்ணன் சுவிட்சை அணைத்தார். "நான் பொட்டைப் பாத்துத்தான் பன்னெண்டு வருசமா வச்சிருக்கேன். காதுல எதுவும் நிக்கல. வீட்டுக்குக் கொண்டுபோவோம், அங்க உக்காந்தா ஏதாவது ஞாபகம் வருதான்னு பாப்போம்" என்றார்.

ஆட்டோவில் அவரும் நானும் பெட்டியும் போனோம். மகால் பக்கத்தில் ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு. அவர் மனைவி ராதாமணி அண்ணி தரையில் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். விரல்நகத்தால் துணியைக் கிள்ளி நூல் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "என்ன, உங்க பெட்டி இந்நேரத்துக்குத் திரும்பி வந்துருச்சு" என்றார். அவருக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்காது என்பது எங்கள் குழுவில் எல்லாருக்கும் தெரியும். அறையில் பாதியை அது அடைத்துக்கொண்டிருக்கிறது, அவர் வாங்கி வைக்கிற பொட்டையெல்லாம் வேறு அது வைத்துக்கொள்கிறது. அண்ணன் விஷயத்தைச் சொன்னார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். அவர் துணியை மடித்து வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

அண்ணன் திருக ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு சொல் வந்தது. அவர்கள் வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுவார்கள், எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. அண்ணன் ஒரு குமிழைக் கொஞ்சம் பின்னால் திருப்பினார். மறுபடி ஒரு சொல். மறுபடி திருப்பினார். மூன்றாவது தடவை அவர் கை நின்றது. சமையல்கட்டைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி கரண்டியோடு வாசலில் வந்து நின்று, இடது கையை மெல்ல மேலே தூக்கினார். அண்ணன் கை அதோடு சேர்ந்து குமிழைத் திருகியது. அண்ணி கையை நிறுத்தினார். அண்ணன் ஒரு கட்டையை அமுக்கினார்.

தொண்டை கட்டின மாதிரி ஆரம்பித்து, வழுக்கிக்கொண்டு மேலே போய், அங்கே நின்று நடுங்கியது.

அண்ணன் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். அண்ணி எனக்கும் புரியட்டும் என்று தமிழில் பதில் சொன்னார்: "எப்படித் தெரியும்னு கேக்குறாரு தம்பி. பன்னெண்டு வருசமா இவரு இங்க உக்காந்து கத்த விடுறாரு. ஒத்தை ரூமு. நான் எங்க போயி காதை வச்சுக்கிறது?"

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. மகுடி வந்தது, சோக வயலின் வந்தது. புல்லாங்குழலுக்கு ஊதுகிற காற்று போதாது என்று அண்ணி இரண்டு தடவை கூட்டச் சொன்னார். வீணைக்கு மட்டும் இருவருக்கும் சண்டை. ஐந்து நிமிஷம் அவர்கள் பாஷையில் நன்றாகக் கத்திக்கொண்டார்கள், கடைசியில் அண்ணி சொன்னதுதான் சரியாக இருந்தது. துளசிராம் அண்ணனின் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் தான் வாசிப்பதை ஒருத்தரும் கேட்கவில்லை என்று அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்த மனுஷன். சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிடித்த சத்தத்தையெல்லாம் பொட்டு ஒட்டி வைத்துவிடலாம் என்று பார்த்தால் வீட்டில் ஒரே ஒரு அட்டைதான் இருந்தது. அதிலும் எல்லாம் ஒரே அளவு மெரூன் வட்டம். அதை ஒட்டினால் புல்லாங்குழல் எது மகுடி எது என்று யாருக்குத் தெரியும்? மணி மூன்றாகிவிட்டது. அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு அண்ணியிடம் கேட்டார். இந்தத் தடவை தமிழிலேயே கேட்டார்: "நீ வாரியா?"

அத்தனை வருஷத்தில் ஒரு கச்சேரிக்குக்கூட அவர் அண்ணியைக் கூப்பிட்டதில்லையாம். வேண்டுமென்று செய்ததல்ல, அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். "வடைக்கு அரைச்சு வச்சிருக்கேன்" என்றார் அண்ணி. மாவை அப்படியே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஐந்தே நிமிஷத்தில் கத்திரிப்பூ நிறச் சுங்குடி கட்டித் தலைநிறையப் பூவோடு வந்து நின்றார். நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

தவசி அண்ணாச்சியின் கடை திருப்பரங்குன்றத்தில் சந்நிதித் தெரு பக்கம். வாசலில் பந்தல், சீரியல் லைட்டு, எவர்சில்வர் குடத்தை அடுக்கி ஒரு கோபுரம். அண்ணிக்கு முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். முதல் இரண்டு பாட்டுக்கும் நாதஸ்வரம்தான், முன்கூட்டியே வைத்துக்கொண்டு வந்ததால் தொந்தரவில்லை. தவசி அண்ணாச்சி கண்ணை மூடித் தலையாட்டினார். மூன்றாவது பாட்டுக்குப் புல்லாங்குழல் வேண்டும். விருமாண்டி அண்ணன் வழக்கம்போல் மைக்கைப் பிடித்து, மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போன மாப்பிள்ளை கதையை ஆரம்பித்தார். அண்ணன் குனியவில்லை. டார்ச் எடுக்கவில்லை. நிமிர்ந்து அண்ணியைப் பார்த்துக்கொண்டே திருகினார். அண்ணி மடியில் வைத்திருந்த கையை லேசாக ஏற்றினார், இறக்கினார், விரலை மடக்கினார். அரை நிமிஷத்தில் புல்லாங்குழல் தயார்.

மாப்பிள்ளை அப்போதுதான் கதையில் கை கழுவிவிட்டு இலையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் ரெடி என்று தலையசைத்தார். விருமாண்டி அண்ணன் நம்பாமல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையை இலையிலேயே விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தார். அந்த மாப்பிள்ளை அன்றைக்குக் கடைசிவரை சாப்பிடவே இல்லை. ஒவ்வொரு தடவையும் கதை பாதியில் நின்றது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது தவசி அண்ணாச்சிக்குக் கருணை பொங்கிவிட்டது. ஸ்வர்ணா வேர்த்து ஊற்றுவதைப் பார்த்து, கடைக்குள்ளிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு ஃபேனை உருட்டிக்கொண்டு வந்து மேடையோரம் வைத்து முழு வேகத்தில் போட்டுவிட்டார். காற்று நேரே பெட்டியின் மேல். அண்ணாச்சி கேட்டுக்கொண்டதால் நாதஸ்வரத்தை இன்னொரு தடவை எடுத்து அண்ணன் வாசித்துக்கொண்டிருந்தார், சுதி மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஸ்வர்ணா முகம் மாறியது. விருமாண்டி அண்ணன் திரும்பினார். போச்சு, எல்லாம் என்னால்தான், ஒரு நல்ல மனுஷனின் இடத்தை மண்ணெண்ணெய் போட்டு அழித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அண்ணி எழுந்தார். நேரே போய் ஃபேனுக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்றார், சேலை முந்தானை படபடவென்று அடித்தது. ஒரு கையால் பிளக்கைப் பிடுங்கினார். இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை அண்ணனைப் பார்த்துக் கொஞ்சம் மேலே தூக்கினார். அண்ணன் இடது கையால் ஓரக் குமிழைத் தொட்டார். இறங்கிய சுதி வழுக்கிக்கொண்டு மேலே ஏறி, வேண்டுமென்றே வாசித்த கமகம் மாதிரி சரியான இடத்தில் வந்து நின்றது. கூட்டம் கைதட்டியது. என்ன நடந்தது என்று அவர்களுக்கு எதுவும் தெரியாது. தவசி அண்ணாச்சி மட்டும் பதறிப்போய், "அந்தம்மாவுக்குக் குளிருது போல, யாராவது ஒரு சால்வை கொண்டாங்கப்பா" என்று கடைப்பையனை விரட்டினார். மேடையில் எங்களுக்குப் போர்த்த வைத்திருந்த சால்வையில் ஒன்று முதலில் அண்ணிக்குப் போனது.

நிகழ்ச்சி முடிந்து வயர் சுற்றும்போது நான் விருமாண்டி அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க எனக்குத் தெம்பில்லை. அவர் கையிலிருந்த வயரைச் சுற்றி முடித்துவிட்டு, "மாப்ள, இனிமே ஆயுத பூஜைக்கு உன் டோலக்கைத் தவிர எதையும் தொட்ட, கையை ஒடிச்சிருவேன்" என்றார். பிறகு துளசிராம் அண்ணன் பக்கம் போனார்.

"பெட்டி இருக்கட்டும் துளசி. ஆனா தங்கச்சியும் இனிமே வேன்ல வரணும்."

துளசிராம் அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி சால்வையை மடித்துக்கொண்டே, "சன்னலோர சீட்டுன்னா வாரேன்" என்றார். அதுவரை சன்னலோர சீட்டு என்னுடையது. அன்றைக்கே விட்டுக்கொடுத்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை. செய்த தப்புக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும். நமக்குப் புத்தி எப்போதும் பிந்தித்தான் வரும். இருபது குமிழும் எந்தச் சத்தத்துக்கு எங்கெங்கே நிற்கிறது என்று படம் போட்டு எழுதி வைத்துவிட்டால் இனி எவன் எதைத் துடைத்தாலும் கவலையில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. நூறு பக்க நோட்டு ஒன்றும் கலர் பேனா நாலும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் பாலுக்குப் போயிருந்தார். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அண்ணியிடம் விஷயத்தை உற்சாகமாக விளக்கினேன். முதல் பக்கத்தில் இருபது வட்டம் போடப் பேனா மூடியைத் திறந்தேன்.

அண்ணி முடிச்சுப் போடுவதை நிறுத்தினார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி" என்றார். "எழுதி வச்சிட்டா, அப்புறம் என்னைய எதுக்குக் கூப்பிடுவாரு?"

நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டேன். அந்த நோட்டில் இன்றுவரை ஒரு எழுத்தும் இல்லை.